மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவே

நான்சுபுகாவின் முழங்கால் இரண்டும் எரிந்தன. அம்மா வந்த நாளென்றால் இதே பாடுதான். அவர்கள் குல வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது. அதனால் அம்மா பின்புறச் சமையலறையை விட்டு அசையமாட்டாள். அவள் புருஷன் ககுவா முன்னறையை விட்டு அசையமாட்டான். இருவர் பேச்சையும் முற்றம் தாண்டிச் சுமப்பது நான்சுபுகாவின் வேலை. பெண் நின்றபடி பேசக் கூடாது என்பதால், அங்கே மண்டியிட்டுக் கேட்க வேண்டும், இங்கே மண்டியிட்டுச் சொல்ல வேண்டும்.

ககுவாவுக்கு இரத்தக் கொதிப்பு. "கசப்புக் கத்தரிக்காய் தின்னா போதும், மாத்திரை எதுக்கு?" என்று போன தடவை அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அன்றோடு அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். கத்தரிக்காயையும் தொடவில்லை. நேற்று வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான்.

"மாத்திரையைப் போடுங்களேன்."

"உங்கம்மா பேச்சை நான் மீறுறதா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மரியாதையாம்!

சமையலறையில் அம்மா வாழையிலையைப் பிரித்தாள். வாழைக்காயின் மேல் ஆவியில் வெந்த கத்தரிக்காய்கள் துவண்டு கிடந்தன.

"வேர்க்கடலைக் குழம்புல போடலாமாம்மா? கசப்பு கொஞ்சம் அடங்கும்."

"அடக்குறதுக்கா கூடை நிறையச் சுமந்துட்டு வந்தேன்? உப்பு மட்டும் போடு. கசக்கணும்டி, அதான் மருந்து."

ககுவா ஒரு வாய் வைத்தான். முகம் கோணிக்கொண்டது.

"இதை மனுஷன் திம்பானா? உங்கம்மாவுக்கு என் மேல என்ன கோபம்? போய்க் கேளு."

கோழிகளை விரட்டிக்கொண்டு போனவள் முற்றத்தின் நடுவில் நின்றாள். அவன் சொன்னது அங்கே கேட்காது. அம்மா சொல்வது இங்கே கேட்காது. இத்தனை வருஷம் இது தோன்றவே இல்லையே!

"என்னடி சொன்னார் மாப்பிள்ளை?"

"ரொம்ப நல்லாருக்குன்னாரும்மா."

அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அப்ப இதையும் கொண்டு போ" என்று இன்னொரு தட்டை நிரப்பினாள்.

நான்சுபுகா தட்டோடு வந்து மண்டியிட்டாள். "இதையும் சாப்பிடணுமாம். அதுக்கு மேல மாத்திரையும் போடணுமாம்."

"மாத்திரை வேண்டாம்னு அவங்கதானே சொன்னாங்க?"

"இப்ப இப்படிச் சொல்றாங்க. வேணும்னா நீங்களே போய்க் கேட்டுக்குங்க."

ககுவா பின்வாசலைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"மாத்திரையை வேணா போட்டுக்கறேன். இந்தக் காயை மட்டும் விட்டுடச் சொல்லேன்."

"கேட்டுப் பாக்கறேன்."

அவள் எழுந்து போய்ச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"சரின்னுட்டாங்க. ஆனா தினமும் போடணுமாம், ஒருநாள்கூட விடக் கூடாதாம்."

அவள் கண்ணெதிரே ஒரு மாத்திரையை விழுங்கினான். அவள் இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு முற்றம் தாண்டிச் சமையலறைச் சுவரோரம் வந்தாள்.

"முழுக்கச் சாப்பிட்டாரா?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்காரும்மா!"

காலித் தட்டை அம்மாவிடம் காட்டியாக வேண்டுமே. நான்சுபுகா சுவருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பேரையும் வாய்க்குள் திட்டியபடி, முதல் கத்தரிக்காயை வாயில் போட்டு மென்றாள்.