கன்னையா பிடித்த ஒலி

சுவிட்சை நோக்கிப் போன வீரம்மாளின் கையைத் தனலெட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. அவரு வச்சது. இருக்கட்டும்."

"சாவு வீட்ல என்னா பாட்டு? ஆளுங்க வந்துகிட்டு இருக்காங்க, நல்லாவா இருக்கு?"

தம்பியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் வீரம்மாள் கையை உதறினாள். ஆனால் சுவிட்சைத் தொடவில்லை.

கூடத்து மூலையில் கன்னையாவின் சிந்தசைசர் கீபோர்டு ஒலித்துக்கொண்டிருந்தது. நீளமான ஒரே ஒலியை யாரோ துண்டு துண்டாக நறுக்கிப் போடுவதுபோல் அது விட்டு விட்டுத் துடித்தது. எதிரே சோபாவில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கன்னையா கிடந்தான். நெஞ்சு நின்று வெகுநேரமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. வேலை ஃபிட்டர், சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் கீபோர்டு. எண்பத்தாறு தீபாவளிக்கு வந்த ஒரு படப்பாட்டில், பாடகியின் குரலுக்கு அடியில் ஓடிய துடிப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. அதைத் தானும் எழுப்பிவிட வேண்டும் என்று கேசட்டைத் தேயத் தேயக் கேட்டான். விரலால் தட்டிப் பார்த்தான். விரல் சோர்ந்ததும் தாளம் தள்ளாடியது.

"இது வாசிக்கிறதே இல்ல தனம்" என்று ஒருநாள் கண்டுபிடித்தவன்போல் மனைவியிடம் சொன்னான். "கட்டைய அமுக்கிப் புடிச்சி வச்சிட்டா, மெசினே வெட்டி வெட்டி விடுது."

எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்பதுதான் பிடிபடவில்லை. ஹோட்டல் பேண்டுக்காரனிடம் வாங்கிய பழைய கருவி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. இன்று நெருங்கி வந்த ஒலி நாளைக்குக் கிடைக்காது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தும் வாயால் அதைச் சொல்லிப் பார்ப்பான்.

அவனோடு டிரம்ஸ் வாசிக்கும் அய்யாவு கிள்ளானிலிருந்து மோட்டாரில் வந்தான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, ஒலியைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வந்திருச்சே" என்றான். பிறகுதான் உடம்பைப் பார்த்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அழுது ஓய்ந்து தனலெட்சுமியருகே குனிந்தான். "எப்ப அண்ணி வந்துச்சி?"

"காலையில. மீன் பொரிச்சிகிட்டு இருந்தேன்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

எண்ணெய்ச் சத்தத்தை மீறி அது வந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றிருந்தாள். பாட்டில் இருந்ததேதான். எங்கும் பிசகவில்லை. கூப்பிடுவான் என்று பார்த்தாள். கூப்பிடவில்லை. தானே கேட்டு ரசிக்கிறான், கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மீனைப் பொரித்து முடித்தாள்; ரசம் வைத்தாள்; அந்தத் தாளத்துக்கே வெங்காயம் அரிந்தாள். கோப்பி கலக்கி எடுத்துக்கொண்டு சிரித்தபடியே கூடத்துக்கு வந்தாள். ஒலியை விடாமல் பிடித்து வைக்கும் பொத்தான் போட்டிருந்தது. கன்னையாவின் தலை கருவியின் ஓரத்தில் சாய்ந்திருந்தது. தொங்கிய கை சில்லிட்டிருந்தது.

"ரேடியோ கொண்டாரேன் அண்ணி, கேசட்ல புடிச்சிரலாம்லா. நிறுத்துனா எந்தக் கட்டைய அமுக்குனான்னே தெரியாம போயிரும்."

"வேணாம் தம்பி. நாம அழுவுறதும் அதுல விழும்."

சவப்பெட்டிக் கடை ஆட்கள் பெட்டியை இறக்கினார்கள். தலைமாட்டு விளக்குக்கு இடம் தேடிய ஒருவன் தயங்கி நின்றான்.

"ஆன்டி, பிளக் பாயிண்ட் இது ஒண்ணுதான் இருக்கு. கழட்டிக்கட்டுமா?"

"நானே கழட்டுறேன்."

தனலெட்சுமி மண்டியிட்டு பிளக்கைப் பிடித்தாள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. எங்கே கேட்டாலும் நடுவில் இருப்பதுபோலவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

கூடம் சட்டென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. பிறகு அவனைத் தூக்கிப் பெட்டியில் கிடத்தினார்கள். பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள்.

வீரம்மாள் தம்பியின் முகத்தின்மேல் கவிழ்ந்து குலுங்கினாள். அவளுடைய ஒரு கை பெட்டியின் விளிம்பில் கிடந்தது. அதன் ஆள்காட்டி விரல், அவள் அறியாமலே, விட்டு விட்டு, பிசகாமல் மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

தனலெட்சுமி எதிரே உட்கார்ந்து, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.