கொட்டகைக்குப் போன பீரோ

"உங்க மேஸ்திரியைத் தனியா அடைங்கன்னு நேத்தே சொன்னேன்ல அண்ணி, நீங்க கேட்டாத்தானே—"

"என் மேஸ்திரி என்னடி பண்ணுச்சு? அது பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உன்னோடதுதான் வாலை விரிச்சுக்கிட்டு முன்னாடி போய்—"

"வாலை விரிக்காத வான்கோழி எங்க இருக்கு? மூஞ்சியைப் பாருங்க, சதையே பிஞ்சு—"

"எனக்கும் கண்ணு இருக்கு, பார்த்தேன்!"

அண்ணி துடைப்பத்தால் மேஸ்திரியைக் கொல்லை மூலையில் மறித்துக்கொண்டு நின்றாள். சித்தாள்களை விரட்டுகிறவர் மாதிரி நெஞ்சை முன்னால் தள்ளி நடப்பதால் அந்த வான்கோழிச் சேவலுக்கு அவள் வைத்த பெயர் அது. நாத்தனாரின் கைகளுக்குள் இருந்தது சின்னவன், இளஞ்சேவல். அலகின் மேல் தொங்கும் சதை கிழிந்து அவள் புடவையெல்லாம் ரத்தம்.

நாத்தனார் புருஷன் வீட்டை விட்டு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வரும்போது ஒரு துணிப்பெட்டி, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த ஒரு பீரோ, குஞ்சிலிருந்து வளர்த்த இந்தச் சின்னவன், இவ்வளவையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். "என் தங்கச்சி குடும்பத்தோட வந்திருக்கா" என்று அவள் அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. கூடத்தில் தையல் மிஷின் இருக்கிறது, பீரோவுக்கு ஏது இடம் என்றாள். பீரோ கொல்லைக் கொட்டகைக்குப் போயிற்று.

"வந்த இடத்துல அடங்கி இருக்கத் தெரியணும்," என்றாள் அண்ணி, மூச்சு வாங்க. "இருந்த இடத்துலயும் ஒத்துப்போகல, வந்த இடத்துலயும் வம்புன்னா, யாருதான் வச்சுக்குவாங்க?"

நாத்தனார் அவளையே பார்த்தாள்.

"கோழியைத்தான் சொன்னேன்."

"ஆமா. கோழியைத்தான் சொன்னீங்க."

நாத்தனார் சின்னவனைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயத்தைக் கழுவி, வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ஊதா மருந்தைத் தடவினாள். மறுநாள் காலையில் அந்தக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் போனில் பேசுவது அண்ணியின் காதில் விழுந்தது. "ஒரு ஆளுக்குத்தான் ரூம். ஆமா, இன்னைக்கே வந்து பார்க்கிறேன். இல்ல... கோழி இருக்காது. யார்கிட்டயாவது குடுத்துடுவேன்."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அண்ணிக்கு. மிஷினில் உட்கார்ந்தாள். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

உச்சி வெயிலில் கொட்டகையிலிருந்து டங், டங் என்று சத்தம். வழக்கமான சத்தம்தான். அது கேட்கும்போதெல்லாம், "உன் ரவுடி கொட்டகையை இடிக்கிறான் பாரு" என்று நாத்தனாரைத்தான் அதட்டுவாள். இப்போதும் அதட்ட வாயெடுத்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. ரவுடி குளியலறையில் அல்லவா படுத்திருக்கிறான்?

துடைப்பத்தோடு ஓடினாள்.

மேஸ்திரி தன்னந்தனியாக பீரோவின் முன்னால் நின்றது. கழுத்துச் சதையெல்லாம் ரத்தமாய்ச் சிவந்து, இறக்கை தரையைக் கீற, கண்ணாடிக்குள் இருந்த சேவலை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தது. உதைக்க உதைக்க அந்தச் சேவலும் உதைத்தது. கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்கக் கீறலும் கறையுமாக இருந்தது. இன்றைய கறைக்கு அடியில் காய்ந்துபோன பழைய கறை. பீரோ வந்த நாளிலிருந்து இதே பிழைப்புதான் போலிருக்கிறது. கண்ணாடிக்காரனை ஜெயிக்க முடியாத கோபத்தையெல்லாம் பக்கத்தில் அகப்பட்ட சின்னவன் மேல் காட்டியிருக்கிறது.

சேவலுக்குப் பின்னால், கண்ணாடியில், துடைப்பமும் கையுமாக ஒருத்தி நின்றாள். அண்ணிக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பழைய போர்வையை எடுத்துவந்து பீரோவை மூடினாள். எங்கே போனான் அவன் என்பது போல மேஸ்திரி பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு சிலிர்த்த இறகெல்லாம் படிந்து, ஒன்றும் நடவாதது போல் தீனித் தட்டுக்குப் போயிற்று. அவள் கம்பிவலையைக் குறுக்கே கட்டி, சின்னவனை மறுபக்கம் கொண்டுவந்து விட்டாள். மேஸ்திரி ஒருமுறை பேருக்கு உறுமியது. அப்புறம் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

அண்ணி கூடத்துக்கு வந்து மிஷினை ஜன்னல் ஓரத்துக்கு இழுத்தாள். பீரோ அகலத்துக்குச் சுவர் காலியாயிற்று. ஆகும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

சாயங்காலம் நாத்தனார் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "ரூம் பார்த்துட்டேன் அண்ணி. கடையில ஒரு அக்கா சின்னவனைக் கேக்குறாங்க. நாளைக்கு ஆள் அனுப்புவாங்க," என்றாள்.

"கொல்லைக்கு வா. ஒண்ணு காட்டணும்."

"உங்க மேஸ்திரி இன்னும் யாரைக் கொத்துச்சு?"

"வாயேன்."

நாத்தனார் போர்வையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். கறைகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"இதுதான் காரணம்," என்று அண்ணி அவசர அவசரமாகச் சொன்னாள். "கண்ணாடியாலதான் இவ்வளவும். உன் சேவல் மேல ஒரு தப்பும் இல்லம்மா."

"என் சேவலைப் பத்தி எனக்குத் தெரியும் அண்ணி." போர்வையைப் பழையபடி இழுத்துவிட்டாள். "பாவம், கண்ணாடி என்ன பண்ணும்? வச்ச இடத்துல நிக்குது."

அண்ணிக்கு முகம் எரிந்தது. வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு சேவல்களும் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. நாத்தனார் உள்ளே போகத் திரும்பினாள்.

"நில்லு." அண்ணி பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நேத்து நான் கோழியைச் சொல்லல. உன்னைத்தான் சொன்னேன். கூடத்துல எப்பவுமே இடம் இருந்துச்சு... அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறியா?"