ஆறக்கூடாத புண்

யுத்தம் தொடங்கிய வருஷம் அது. என் கணுக்காலுக்கு மேலே ஒரு புண். விழுப்புரத்து வைத்தியர் மூன்று வருஷம் பச்சிலை கட்டியும் ஆறாதது. அந்தப் புண்ணுக்கு நான் கற்பூரம் ஏற்றியிருக்க வேண்டும். அது இருந்ததால்தான் செவ்வாய்தோறும் என் வீட்டுக்காரர் என்னை மட்டும் வண்டியில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். மற்ற நாளெல்லாம் அவர் வீரம்மாளுக்கு. எனக்குப் பிள்ளை இல்லையென்று கட்டிக்கொண்டு வந்தவள். வந்த வருஷமே பெற்றும் போட்டுவிட்டாள்.

வண்டியில் அவர் என்னோடு வாய் ஓயாமல் பேசுவார். வேகவைத்த மல்லாட்டையை உரித்துக் கடலையைக் கையில் கொடுப்பார்.

நர்ஸ் இருதயமேரி வாராவாரம் புண்மேல் எண்ணெய்க் காகிதத்தை வைத்து, விளிம்பைப் பென்சிலால் வரைந்து, தேதி போடுவாள். கெண்டைக்காலைச் சுற்றி டேப் பிடித்து அளப்பாள். பிறகு பாதத்திலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டுவாள். ஐந்தாம் வாரம் காகிதங்களை வரிசையாக வைத்துக் காட்டினாள். புண் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"இன்னும் மூணு வாரந்தாம்மா. அப்பறம் நீங்க வரவே வேணாம்."

"அப்பாடா! வீரம்மா கேட்டா சந்தோசப்படுவா," என்றார் அவர்.

ஏன் படமாட்டாள்? என் செவ்வாய்க்கிழமையும் அவளுக்குத்தானே!

ஊருக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துப் பரண்மேல் எறிந்தேன். வாரம் முழுக்கச் சேற்றில் நின்று நாற்று நட்டேன். திங்கள் சாயங்காலம் நானே மறுபடி கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காகிதத்தை வைத்த இருதயமேரியின் முகம் மாறியது. பழைய கோட்டைத் தாண்டிப் புண் பரவியிருந்தது. டேப்பும் இரண்டு விரற்கடை கூடக் காட்டியது. கட்டைவிரலால் காலை அமுக்கினாள். விழுந்த குழி விழுந்தபடியே நின்றது.

"கட்ட அவுத்துட்டு நின்னுக்கினே இருந்தீங்களா?"

"இல்லியே."

அவள் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "வூட்டுக்கு அனுப்பினா ஆறாதுங்க. கால ஒசத்தி வச்சி, ரெண்டு மாசம் இங்கியே படுக்கணும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் வூட்டுக்கே வர்றேன். இனிமே அவுக்க மாட்டேன்."

"அவுத்தியா? ஏண்டி?"

சொல்லியிருக்கலாம். "செவ்வாக்கெழமயில வருவீங்களா?" என்றுதான் கேட்டேன்.

"நடவு நேரம், மாடு ஓயாது. சொஸ்தமானதும் வந்து கூட்டிக்கினு போறேன்."

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடலாமென்றால், இரண்டு தலையணைமேல் என் காலைப் பிடித்துக்கொண்டு இருதயமேரி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.