மாப்பிள்ளைக்கு ஏற்ற எடை

மாமனார் எத்திராஜை மூன்றாவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கிக்கொண்டிருந்தபோது, பாலகுமாரின் டிராக் பேண்ட் இடுப்பை விட்டு நழுவத் தொடங்கியது. பேண்ட்டைப் பிடிப்பதா, மாமனாரைப் பிடிப்பதா என்று யோசிக்க அவகாசமில்லை. கை தானாகவே மானத்தின் பக்கம் போய்விட்டது.

நாற்காலி சாய்ந்தது. எத்திராஜ் சுவரில் தோள் உரச வழுக்கிப் படியில் வந்து உட்கார்ந்தார். மேல்பக்கம் பிடித்திருந்த இரண்டாவது மாடி நாகேஷ் சட்டென்று அவர் கக்கத்தில் கைகொடுத்திருக்காவிட்டால், அவர் நேராகத் தெருவுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்ததோடு போயிற்று. நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நல்ல நாற்காலி.

எத்திராஜுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் தெருவைப் பார்க்கவில்லை. நீலசந்திராவில் அந்த வீட்டுப் படிக்கட்டு, எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் வந்த வழியே திரும்ப வேண்டிய அகலம். லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. ஃபாக்டரி கேண்டீனில் சமையல் செய்து ரிட்டயரானவர் அவர். தெருக்கோடியில் இருக்கும் சின்ன விகாரையில் புத்த பூர்ணிமைக்கு வருஷா வருஷம் பாயசம் அவர் கைதான். இந்த முறை கரண்டி பிடிக்க முடியாது. அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரை பத்தவில்லை என்றாவது சொல்ல வேண்டும். படுத்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். அதற்கான ஒத்திகைதான் அன்று நடந்தது.

பழி யார் மேல் விழுந்தது என்பதுதான் வேடிக்கை. மனைவி தீபிகா படியைத் திட்டினாள். நாகேஷ் நாற்காலியைக் குறை சொன்னான். எத்திராஜோ, மாப்பிள்ளை நன்றாகத்தான் பிடித்தார், நான்தான் ஆடிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னார். அந்த வீட்டில் மாப்பிள்ளை தப்பு செய்வது வழக்கமில்லை. ஒரு முறை அவன் தண்ணீரில்லாமல் குக்கரை அடுப்பில் வைத்துக் கருக்கியபோதுகூட, குக்கர் கம்பெனிக்குத்தான் திட்டு விழுந்தது.

பேண்ட் நழுவுவதற்கு முன்பே தன் முழங்கால்கள் தையல் மிஷின் போல ஆடிக்கொண்டிருந்தது பாலகுமாருக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பூர்ணிமைக்குள் உடம்பைத் தேற்றிவிடுவது என்று முடிவெடுத்தான். முதலில் ஃபோனில் ஒரு ஆப். எத்தனை புஷ்-அப் எடுப்பீர்கள் என்று அது கேட்டது. வேலூர் காலேஜ் ஹாஸ்டலில் பந்தயம் கட்டி எடுத்த கணக்கை அவன் பதிலாகக் கொடுத்தான். ‘வெல்கம் சாம்பியன்’ என்றது ஆப். எலக்ட்ரானிக் சிட்டியில் நாள் முழுக்க சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் அவன். இதுவும் ஒரு பிழை என்று புரிந்தது. ஆனால் கேட்க இதமாக இருந்ததால் விட்டுவிட்டான்.

அடுத்தது மெயின் ரோட்டு ஜிம். தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று டிரெய்னர் கிரணிடம் கேட்டான். கிரண் அவன் தொப்பையைப் பார்த்தான், ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தான்.

“பாடி ஸ்ட்ரக்சர் சூப்பரா இருக்கு சார். பிகினர்லாம் உங்களுக்கு பேடா, வேணாம். நேரா இண்டர்மீடியட் போலாம்.”

தீபிகாவையும் விடவில்லை. எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு, உங்களுக்கென்ன, நல்ல உயரம் என்றாள்.

இண்டர்மீடியட்டில், தோளில் இரும்புத் தடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். உட்காருவது அருமையாக வந்தது. எழுவதற்கு கிரணும் பக்கத்து மெஷின்காரரும் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து வந்தவனுக்குச் சுவரைப் பிடித்து முதல் மாடி ஏற முடிந்தது. இரண்டாவது மாடியில், நாகேஷ் வீட்டு வாசலில், கால்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. முக்கியமான மெயில் பார்ப்பவன் போல ஃபோனை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். தோளில் தண்ணி கேனோடு மேலே வந்த நாகேஷ் ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டான். கேனை இறக்கி வைத்தான், தம்பி முனிராஜைக் கூப்பிட்டான், மூன்றாவது மாடிக்குப் போய் அதே பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்தான்.

“எஷ்டு கேஜி சார்?” என்று எடையைக் கேட்டான் முனிராஜ், குனிந்து பிடித்தபடி.

“ஏய், சும்னே இரு,” என்றான் அண்ணன்.

கல்யாணத்தன்றுகூட யாரும் பாலகுமாரை இப்படித் தூக்கியதில்லை. நாற்காலி மேலெழும்பியது. கண்முன்னே இருவர் கைகளும் சுவரும் மட்டும்தான். வளைவில் திரும்பும்போது, ஒருவன் விட்டால் போச்சு என்று நாற்காலியின் கைப்பிடிகளை நகம் பதியப் பிடித்துக்கொண்டான். மாமனார் அன்று எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கை வரவில்லை. இன்னொரு கையை மாப்பிள்ளையின் தோளில் வைத்திருந்தார்.

அவனைக் கொண்டுபோய் எத்திராஜின் கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. எத்திராஜ் மகளிடம், மாப்பிள்ளை காலுக்கு வெந்நீர் வைக்கச் சொன்னார்.

தீபிகா உள்ளே போகும்வரை பாலகுமார் காத்திருந்தான்.

“மாமா, மாப்பிள்ளன்னு பாக்காம ஒண்ணு சொல்லுங்க. பூர்ணிமைக்கு உங்கள என்னால எறக்க முடியுமா?”

“அந்தப் படி இருக்கே...”

“படிய விடுங்க மாமா.”

எத்திராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவனை நேராகப் பார்த்தார்.

“முடியாது மாப்பிள்ள. அன்னிக்கு உங்க மூஞ்சிக்கு நேரா நான் தான உக்காந்திருந்தேன்? மொத வளைவுலயே உங்க காலு தந்தி அடிச்சுது. எனக்கு பயமா இருக்கு. நாகேஷும் முனிராஜும் எறக்கட்டும்.” ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த அலுமினிய வாக்கரைத் தாடையால் காட்டினார். “நீங்க அத எடுத்துக்கிட்டு பின்னால வாங்க. லேசுதான். கால் சரியானதும் தெனம் அதத் தூக்கிக்கினு ஏறி எறங்கிப் பழகுங்க. மூச்சு வாங்காம வந்தீங்கன்னா, அடுத்த வருசம் நாற்காலியப் பத்தி யோசிக்கலாம்.”