வெட்டுப்பட்ட வரி

பெரியப்பாவின் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் வேலையை என் தலையில் கட்டியவள் அக்கா. படங்களுக்குச் சட்டம் போடுவதுதான் என் பிழைப்பு என்பதால் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை. போரில் மூழ்கிய பெரியப்பாவின் கப்பலுக்காகக் கடற்படை அருங்காட்சியகத்தில் தனி அறை திறக்கிறார்கள். அங்கே அவருடைய கடிதம் தொங்க வேண்டும், அதற்குக் கீழே 'அந்த வரி' பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஓரம் கோணினால் படத்துக்குப் பதிலாக உன்னைத் தொங்கவிடுவேன் என்று போனிலேயே மிரட்டிவிட்டாள்.

அக்கா பெரியப்பாவின் மகள். அவள் பிறப்பதற்கு முன்பே அவர் கப்பலேறினார், திரும்பவே இல்லை. சில வருஷம் கழித்து அவருடைய தம்பி அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தத் தம்பிதான் என் அப்பா. ஒரே வயிற்றில் பிறந்தும் நான் அவரை அப்பா என்பேன், அக்கா சித்தப்பா என்பாள். அது அவரே வைத்த விதி. பேச்சு வந்த புதிதில் அவள் அவரைப் பார்த்து அப்பா என்றாளாம். சுவரில் இருந்த போட்டோவைக் காட்டித் திருத்தினாராம். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் இவர், பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடந்தவர் இவர். அப்பா என்ற பெயர் மட்டும் போட்டோவில் தொப்பி போட்டவருக்கு.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதங்களை அப்பாதான் வாசிப்பார். ஒரே குரலில் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, வேறு யாரும் கடிதப் பெட்டியைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நாங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்போம். காகிதத்தில் அங்கங்கே ஓட்டை இருக்கும், அதன் வழியாக அப்பாவின் சட்டைப் பொத்தான் தெரியும். பூச்சி அரித்தது என்று நினைத்துக்கொண்டோம். அக்கா காத்திருப்பது ஒரே வரிக்கு. 'குழந்தை தூங்கும் அறையில் விளக்கை அணைக்க வேண்டாம். நான் எந்த நேரம் வந்தாலும் முகத்தைப் பார்க்க வேண்டும்.'

அந்த வரிக்காகவே அக்கா இன்றுவரை விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அத்தான் கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படுத்ததை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கும் பார்வை மங்கிவிட்டது. பெட்டியை என்னிடம் கொடுக்கும்போது, வரியை மட்டும் அச்சடித்தால் போதாதா, கடிதம் எதற்கு என்று முணுமுணுத்தார். வயசான முரண்டு என்று நான் காதில் வாங்கவில்லை.

கடையில் வெள்ளை அட்டைமேல் கடிதத்தை விரித்தபோதுதான் உறைத்தது. பூச்சி அரித்தால் ஓரம் பிசிராக இருக்கும். இது பிளேடால் நேர்க்கோடாக வெட்டியது. நான் தினமும் செய்கிற வேலை, எனக்குத் தெரியாதா? ஓட்டைக்கு மேலே 'குழந்தை பிறந்ததும் தகவல் சொல்லு' என்றிருந்தது. கீழே உப்புக் காற்றில் சட்டை கிழிவதைப் பற்றி எழுதியிருந்தார். நடுவில் வர வேண்டிய அந்த வரி இல்லை. மற்ற எல்லாக் கடிதங்களையும் துழாவினேன். எதிலும் இல்லை.

அன்றே அப்பாவிடம் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கும் வரிகளை அதிகாரிகள் வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்களாம். முதல் தடவை அப்படி வந்தபோது, எதை வெட்டினார்கள், அவருக்கு என்ன ஆச்சு என்று அம்மா நடுங்கிப்போனாளாம். அடுத்த கடிதத்திலிருந்து ஓட்டை வந்தாலும் அப்பா சொந்தமாக ஏதாவது சேர்த்து நிறுத்தாமல் வாசித்திருக்கிறார்.

"உங்க அம்மாவுக்கு இருட்டுன்னா பயம். தாத்தா எண்ணெய் வீணாகுதுன்னு விளக்கை ஊதி அணைச்சிடுவார். நான் சொன்னா யார் கேப்பா? அண்ணன் சொன்னதா வாசிச்சேன்."

"அக்காகிட்ட சொல்லிடலாம்ப்பா."

"வேண்டாம்டா. அவளுக்கு அவ அப்பா குடுத்தது அது ஒண்ணுதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷன் எதைத்தான் தனக்கென்று வைத்துக்கொண்டார்?

நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மறுநாள் சட்டத்தைப் பார்க்க அக்கா கடைக்கு வந்துவிட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள், வரியைத் தேடினாள். வெள்ளை அட்டை தெரிந்த இடத்தில் அவள் விரல் நின்றது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் நான் என்ன கதை விட முடியும்? அப்பாவைக் கேள் என்றேன். அவள் எழுந்து நடந்தாள். கடையைப் பூட்டிவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே கூசாமல் பொய் சொன்னார். "வெட்டறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன்மா. அண்ணன் எழுத்துதான்."

கடிதம் வெட்டுப்பட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கும் என்பது அக்காவுக்குத் தெரியாதா? அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"அப்போ அவர் எனக்குன்னு ஒண்ணுமே சொல்லலையாடா?" என்று என்னிடம் கேட்டாள். இத்தனை வயசுக்கு மேல் அப்பனைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதாள். வெட்டின இடத்தில் இருந்திருக்கலாம் என்றேன். அது ஆறுதலாக இல்லை, எனக்கே தெரிந்தது. ஒரே ஒரு தடவை அவரை அப்பா என்று கூப்பிடேன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு, வரியை அச்சடிக்க வேண்டாம், ஓட்டை ஓட்டையாகவே தொங்கட்டும் என்றாள்.

அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. கண் தெரியாதவனுக்கு எதற்கு விளக்கு என்று அப்பா இப்போதெல்லாம் இருட்டிலேயே படுத்துக்கொள்வார். கிளம்பும்போது அக்கா அவருடைய அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். சுவிட்சின் சத்தம் கேட்டதும், வீண் செலவு என்று முனகியபடி அப்பா அதை அணைக்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விளக்கை அணைக்க வேண்டாம் சித்தப்பா," என்றாள். "நான் எந்த நேரம் வந்தாலும் முகத்தைப் பார்க்க வேண்டும்."