நகராத புள்ளி

பனிவெடிப்பில் விழுந்து, இருநூறு மீட்டர் ஆழத்தில் புதைந்துபோன சர்வேயர் உள்ளே நடந்துகொண்டிருக்கிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவருடைய மனைவிதான். அவளுக்கு ரேடார் படப் பிரிவில் வேலை, மூன்றாம் மாடியில், சரியாக மூடாத ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலி. செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தப் பனிப்பரப்பைக் கடக்கும். முந்தைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, பனி கடலை நோக்கி எவ்வளவு சரிந்திருக்கிறது என்று அவள் குறிக்க வேண்டும். அவர் விழுந்த இரண்டாம் மாதம் மொத்தப் பனியும் பன்னிரண்டு மீட்டர் நகர்ந்திருந்தது, கடுகளவு ஒரு புள்ளியைத் தவிர. தூசி என்று விரலால் துடைத்தாள். போகவில்லை. அடுத்த படத்திலும் அது அதே இடத்தில் இருந்தது.

பிரிவுத் தலைவர் வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நகராம இருக்கணும்னா பனி போற பக்கத்துக்கு எதிரா நகரணும்மா. தினம் ஒரு மீட்டர்."

"நடக்குறார் சார்," என்றாள்.

ஏன் நடக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு பேருந்து நிலைய நெரிசலில் அவள் தொலைந்துபோய் அழுதபோது அவர் சொன்னது அது: "தொலைஞ்சா நின்ன இடத்தை விட்டு அசையக் கூடாது. தேடுறவங்க வந்து கண்டுபிடிப்பாங்க." சர்வேயருக்கு இடம் என்பது காலடியில் இருக்கும் பனி அல்ல, வரைபடத்தில் இருக்கும் எண். அந்த எண்ணை விடக்கூடாது என்று அவர் நடந்துகொண்டிருந்தார்.

மீட்புக் குழு இரண்டு கோடைகள் துளை போட்டது. துளை கீழே இறங்கிச் சேர்வதற்குள் பனி துளையையும் சுமந்துகொண்டு நாற்பது மீட்டர் தள்ளிப் போயிருந்தது. சும்மா படுத்திருந்தால் அதே பனி அவரை நாலே வருடத்தில் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். அதை அவருக்குச் சொல்ல வழியில்லை. அவள் திரையிடம் சொல்லிப் பார்த்தாள். "பிடிவாதக்காரரே, விட்டுடுங்க," என்று வைதும் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் அந்த நேரத்தில் டீ குடிக்க எழுந்து போவார்கள்.

எட்டாம் வருடம் பனிக்கடியில் தண்ணீர் சேர்ந்தது. மேலே உருகியது வெடிப்புகள் வழியாக இறங்கிப் பாறைக்கும் பனிக்கும் நடுவில் எண்ணெய் விட்டதுபோல் பரவியது. பனி நாளுக்கு மூன்று மீட்டர் வழுக்கியது. அவர் ஒன்றரை மீட்டர் வரை எட்டி நடந்தார், அதற்குமேல் முடியவில்லை. ஒவ்வொரு படத்திலும் புள்ளி கடல்பக்கம் பின்வாங்கியது. பதினோராம் வருடம் ஒரு படத்தில் பனியோடு பனியாக அதுவும் முப்பத்தாறு மீட்டர் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம், "அப்பா உட்கார்ந்துட்டார்டி," என்றாள். மகளுக்கு அப்போது பதினைந்து வயது.

"நல்லதும்மா. கால் வலிச்சிருக்கும்."

பனிவிளிம்பில் காத்திருக்க ஒரு கப்பல் அனுப்பினார்கள். கப்பல் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே விளிம்பு உடைந்து விழுந்துவிட்டது. ரேடார் பனிக்குள் பார்க்கும், கடலுக்குள் பார்க்காது. அடுத்த படம் சுத்தமாக இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அன்று சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அடியில நடந்துதான் வரணும்."

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டாள். அங்கிருந்து வீட்டுக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர், நாளுக்கு ஒரு மீட்டர். முப்பதாயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"தப்பும்மா. அது பனிக்குப் போட்ட வேகம். இது தண்ணிதானே, சீக்கிரமே வந்துடுவார்."