ஊதாமல் கொடுத்த பந்து

சாயங்காலம் டாக்டர் வருவதற்குள் ஸ்நேஹாவின் வலது நுரையீரல் விரியவில்லையென்றால், தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைத்துவிடுவார்களாம். ஆறு வயசுக் குழந்தைக்கு மெஷின்! அப்பன் முகுந்த் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு நகரவேயில்லை.

நிமோனியாவுக்கு மருந்தெல்லாம் ஏற்றியாகிவிட்டது. இனி குழந்தையே மூச்சை இழுத்து ஊதினால்தான் உண்டு என்றிருந்தாள் பிசியோதெரபிஸ்ட் வைஷாலி. மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பார்த்தாலே ஸ்நேஹா மிரண்டாள். ரப்பர் பலூன் ஊதத் தெம்பில்லை. அப்போதுதான் முகுந்துக்குக் காகிதப் பந்து ஞாபகம் வந்தது. லேசாக ஊதினாலே உப்பிக்கொள்ளுமே, அது.

மராத்திப் பேப்பர் ஒன்றைச் சதுரமாகக் கிழித்தான். குறுக்கும் நெடுக்கும் மடித்து, முக்கோணமாக்கி, முனைகளை மேலே ஏற்றி, ஓரங்களை நடுவில் சேர்த்துச் செருகினான். அடியில் இருந்த துளையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தான். கும்மென்று உப்பியது. அதைத் தட்டிச் சப்பையாக்கி அவளிடம் நீட்டினான்.

“ஊதுடா கண்ணா.”

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் ஸ்நேஹா உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொன்று மடித்தான். அதையும் ஊதிச் சரிபார்த்துவிட்டு நீட்டினான். ஊஹும். மனுஷன் விட்டபாடில்லை, கட்டிலெல்லாம் பந்து. ஐஸ்க்ரீம் என்றான், ரயிலில் லோணாவளா மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றான், கெஞ்சினான். அசையவில்லையே! அப்பனை அப்படியே உரித்து வைத்த பிடிவாதம்.

“ஊதித் தொலையேன்டி! செத்துப்போகப் போறியா?”

சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. ஸ்நேஹாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

“நீ... எச்சில் பண்ணிட்டேப்பா. வாய்ல... வெச்சுக்கக் கூடாதே.”

அடப்பாவி! சிநேகிதியின் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தாளென்று போன மாதம் அவள் முதுகில் ஒன்று வைத்தவன் அவனேதான். எதையும் தூக்கிக் குடி என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவனும் அவன்தான். மூச்சுக்குத் தவிக்கிற நேரத்திலும் குழந்தை அப்பா பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, பாவம்.

இன்னொன்று மடித்தான். கண்ணீரில் மடிப்பு தெரியாமல் கோணிக்கொண்டது. துளை திறந்திருக்கிறதா என்று ஊதிப் பார்க்கவும் வழியில்லை. அப்படியே நீட்டினான்.

“இதுல நான் வாயே வெக்கலைடா. சத்தியமா.”

ஸ்நேஹா வாங்கி ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. வைஷாலி ஓடி வந்து, “ஜோராத் ஃபுங்க், பாளா!” என்று மராத்தியில் பலமாக ஊதச் சொல்லி முதுகைத் தட்டினாள். மறுபடி ஊதினாள். காகிதம் ஒரு பக்கம் புடைத்தது. அடுத்த ஊதலில் இருமல் கிளம்பி, உடம்பே குலுங்கி, கட்டிச் சளி வந்தது. முகுந்த் அதைக் கையில் ஏந்திக்கொண்டான்.

வைஷாலி ஸ்டெதாஸ்கோப்பை வலது முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டாள். முகுந்த் மூச்சு விடாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

“ஹவா ஜா ரஹீ ஹை.”

கொஞ்சம்தானாம்; ஆனாலும் காற்று உள்ளே போகிறதாம். இன்றைக்குக் குழாய் வேண்டாமென்று டாக்டரிடம் தானே சொல்வதாகச் சொன்னாள்.

சளி ஒட்டியிருந்த அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான் முகுந்த்.